பட்டியலில் இல்லாத பெயர்

அமெரிக்கக் கால்பந்தில் ‘வைட் ரிசீவர்’ என்பவர், களத்தின் ஓரமாக ஓடி, எறியப்படும் பந்தைப் பிடிப்பவர். கல்லூரி ஆட்டக்காரர்களை 32 தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் 7 சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. சிறு கல்லூரி மாணவர் பெரும்பாலும் அவற்றின் கண்ணில் படுவதில்லை. அவருக்கு வழியே இல்லையா? உண்டு என்பேன்.

மான்கேட்டோ நகரிலுள்ள மினசோட்டா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஆடம் தீலனை 2013-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் சோதனை முகாமுக்குச் சென்றார். அவ்வாண்டு பயிற்சிக் குழுவில் இடம் கிடைத்தது. 2014-இல், பந்தை உதைக்கும் வேளைகளில் இறங்கும் துணைக் குழுவில் உழைத்தார். 2018-இலோ முதல் 8 ஆட்டங்களிலும் 100 கெஜத்துக்குக் குறையாமல் ஈட்டினார்!

இத்தகையோர் சிலரே, ஓர் அணியின் பட்டியலில் 53 பேருக்கே இடம். ஆயினும் சிறு பணியை இழிவென்று கருதாதவர் களத்தில் நிற்பார். நிற்பவரிடமே பந்து வரும் என்பது என் துணிபு.