நிறப்படமும் தகரக் கூரையும்

வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் கணினியில் கணிக்கும் முறை பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். எங்கள் ஆட்கள் படுத்துறங்கும் அறையொன்று அவ்வாறு கணிக்கப்பட்டதுதான் இதை எழுதக் காரணம்.

சலாலாவில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு. தகரக் கூரை. 6 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமுமான அறையில் எட்டுப்பேர், இரண்டடுக்குக் கட்டில்களில். புழுக்கம் தாங்க முடியவில்லை என்று முறையிட்டார்கள். நிர்வாகம் ஆலோசகர் ஒருவரிடம் அறிக்கை பெற்றது. முதற்பக்கத்தில் அழகான நிறப்படம்: அறை முழுவதும் இளநீலம், 28 பாகை செல்சியஸ். அத்தோடு பேச்சு முடிந்தது. கிளிநொச்சிப் பொடியன் ஒருவன் அப்படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "அண்ணை, உந்தப் படத்திலை நாங்கள் எங்கை?"

துறைசார்ந்தவர் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதுதான்.

முறை எளிதாகச் சொல்லக்கூடியது. அறையை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கூறிலும் திணிவு, உந்தம், சக்தி ஆகியன அழியாமல் கணக்குத் தீரவேண்டும். புனேயில் பொறியியல் படித்த சுகாஸ் பதங்கர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்போல்டிங்குடன் சேர்ந்து 1972இல் வெளியிட்ட வழிமுறை இன்றும் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. 2004 முதல் ஓப்பன்ஃபோம் இலவசமாகக் கிடைப்பதால் என்னைப் போன்றவரும் வீட்டிலிருந்தே கணிக்கலாம். கணித்தேன்.

முதலாவது, எல்லை நிபந்தனைகள். அறிக்கையில் அறை வெறுமையாக இருந்தது; கதவு திறந்திருந்தது. உறங்கும் மனிதன் ஏறத்தாழ 70 வாட் வெப்பம் விடுகிறான். எட்டுப்பேருக்கு 560 வாட். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர்கள் கதவைச் சாத்தித்தான் படுக்கிறார்கள்.

இரண்டாவது, காலம். அறிக்கை எடுத்துக்கொண்டது ஓகஸ்ட் மாதத்தை. அப்போது கரீஃப் பருவத்து முகிலும் தூறலும் வெயிலை மறைக்கும். சலாலா 17 பாகை வட அகலாங்கில் உள்ளது. மே மாதத் தொடக்கத்தில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், மறைக்க முகிலும் குறைவு. ஓமானில் நண்பகல் 12.30 முதல் 3.30 வரை வெளிவேலைக்கான தடை ஜூனில் தொடங்கி ஓகஸ்டில் முடிகிறது. சலாலாவின் கடும்வெக்கை அதற்கு முன்னரே வந்துவிடுகிறது.

மூன்றாவது, கதிர்வீச்சு. 60 பாகைக்குச் சூடேறிய, வண்ணம் பூசிய தகரம் சதுர மீற்றருக்கு 600 வாட்டுக்கு மேல் கீழ்நோக்கி வீசும். காற்றின் வெப்பநிலையை மட்டும் கணித்தால் மேற்கட்டிலில் கிடப்பவன் படும்பாடு படத்தில் வராது. ஈரப்பதனும் அப்படியே: வியர்வை உலராத காற்றில் 30 பாகை, உலர்ந்த காற்றின் 30 பாகை அல்ல.

நான்காவது, வலை. இதில் நானே பிழைவிட்டேன். கூரைக்கும் சுவருக்கும் அருகே கூறுகளைப் பெரிதாக விட்டதால் விடை அளவீட்டைவிட நாலு பாகை குறைந்தது. கூறுகளைச் சிறிதாக்கித் திரும்பக் கணிக்கவேண்டும். விடை மாறிக்கொண்டிருக்கும்வரை அதை நம்பக்கூடாது. திரையில் வழுக்கோடுகள் இறங்கினால் மட்டும் போதாது. உள்ளே வந்த வெப்பமும் வெளியேறியதும் அறையில் தேங்கியதும் கணக்கில் ஒத்துவரவேண்டும்.

கடைசியாக, அளவீடு. மேசைப்பந்தொன்றுக்குக் கறுப்புப் பூசி, உள்ளே வெப்பமானியைச் செருகி மேற்கட்டிலில் தொங்கவிட்டோம். கதிர்வீச்சை உணர இது மலிவான வழி. குறிப்பெடுத்தவர்கள் அறைவாசிகளே.

நான்கு பக்கங்களில் எழுதிக் கொடுத்தோம். கூரையின்கீழ் ஒரு உட்கூரையும், இடைவெளிக்குக் காற்றுத் துவாரங்களும் கேட்டோம். இரண்டு அறைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். மற்றவற்றுக்கு இன்னும் இல்லை.

ஆலோசகர் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய சமன்பாடுகள் சரியானவையே. எவற்றை உள்ளே எடுப்பது, எவற்றை வெளியே விடுவது என்பதை அந்த அறையில் ஒரு பகல்கூடப் படுக்காதவர் தீர்மானித்தார். தொலைவிலிருந்துகொண்டு ஊரைப்பற்றிக் கணிப்புகள் எழுதும் எங்களுக்கும் அந்தப் பொடியனின் கேள்வி பொருந்துமா என்பதை வாசகர்கள் விவாதிக்கலாம்.