ஆபரேஷன் செய்தால் பிள்ளை பேசிவிடுமா?

 

பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் உதவி கேட்டு வரும்போது, செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒன்றைக் கேட்கிறார்கள்: "காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் செய்தால் பிள்ளை பேசிவிடுமா?" ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் எந்த மருத்துவரும் இதற்குப் பதில் தர முடியாது. ஆனால், எந்தப் பிள்ளைக்குப் பேச்சு எந்த அளவு புரியும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். அந்தக் கணிப்பு எதை வைத்துச் செய்யப்படுகிறது, அதில் நம் கையில் இருப்பது எவ்வளவு என்று பார்ப்போம்.

கருவி என்ன செய்கிறது?

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய செல்கள்தாம் ஒலியை மின்துடிப்பாக மாற்றிச் செவிநரம்புக்கு அனுப்புகின்றன. இந்தச் செல்கள் பெருமளவு பழுதாகிவிட்டால் ஒலியைப் பெரிதாக்கித் தரும் ஹியரிங் எய்டு போதாது. காக்ளியர் இம்ப்ளாண்ட் அந்தச் செல்களை விட்டுவிட்டு நரம்பையே நேரடியாகத் தூண்டுகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒலியை வாங்குகிறது. தோலுக்கு அடியில் வைத்த பகுதி வழியாக அது காக்ளியாவுக்குள் உள்ள மின்முனைகளைச் சென்றடைகிறது.

இயற்கையான காதில் இந்த வேலையைச் சுமார் 3,500 செல்கள் செய்கின்றன. கருவியில் இருப்பதோ, தயாரிப்பைப் பொறுத்து 12 முதல் 22 மின்முனைகள். ஆகவே கருவி தருவது ஒலியின் சுருக்கம்தான். அதைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளைதான் பழக வேண்டும். ஒரே மருத்துவர், ஒரே கருவி என்றாலும் இரண்டு பிள்ளைகளின் முன்னேற்றம் வேறுபடுவதற்கு இது முக்கியக் காரணம்.

கணிப்புக்கு உதவுபவை

முதலாவது வயது. ஒலியே வராத மூளையில், கேட்பதற்கான பகுதிகள் சரியாக வளர்வதில்லை. பார்வை போன்ற வேறு வேலைகளுக்கும் அவை திரும்பிவிடுகின்றன. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவி பொருத்திய பிள்ளைகளின் மூளை அலைகளை அளந்து பார்த்தது. சுமார் மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களுக்குச் சில மாதங்களிலேயே அவை வயதுக்கேற்ற நிலையை எட்டின. 7 வயதுக்குப் பிறகு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை.

இரண்டாவது, காது கேளாமைக்கான காரணம். செவிநரம்பு மிக மெலிந்திருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ பலன் குறைவு. இதற்காகத்தான் ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன் எடுக்கிறார்கள். மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறன் போயிருந்தால், காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடக்கூடும். அந்தப் பிள்ளைகளுக்குச் சில வாரத் தாமதமும் கேடுதான்.

மூன்றாவது, பெற்றோர் பேசும் விதம். 2010-இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில், 5 வயதுக்குள் கருவி பெற்ற 188 பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 18 மாதத்துக்கு முன்பே கருவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். ஆபரேஷனுக்கு முன் ஓரளவாவது கேட்கும் திறன் மிஞ்சியிருந்த பிள்ளைகளும், பெற்றோர் நன்கு கலந்து உரையாடிய பிள்ளைகளும்கூட அப்படியே முன்னேறினார்கள்.

மூளை ஸ்கேனைக் கணினியில் ஆராய்ந்து கணிக்கும் முறையும் வந்துகொண்டிருக்கிறது. ஹாங்காங், சிகாகோ ஆய்வாளர்கள் 2018-இல் இதை வெளியிட்டார்கள். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி தேவைப்படும் என்று முன்பே அறிந்து உதவுவதே இதன் நோக்கம். "இந்தப் பிள்ளைக்குப் பலன் வராது" என்று ஒதுக்குவதற்கு அல்ல.

நம் கையில் இருப்பவை

பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். அந்தக் காது கேட்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும். குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் வலியின்றிச் செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனை இருக்கிறது. சந்தேகம் வந்தால் பெரா பரிசோதனை உறுதி செய்யும். 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுள்ள கணக்கு. நம் வீடுகளில் "அவன் வாப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அன்பால் சொல்வதுதான். ஆனால், பரிசோதிக்காமல் அதை நம்பிக் காத்திருந்தால், திரும்பக் கிடைக்காத மாதங்கள் போய்விடும்.

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. "ஆறு வயது வரை நேரமிருக்கிறது" என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அது திட்டத்தின் வரம்பு. மூளையின் வரம்பு அதைவிடக் குறைவு.

கருவி பொருத்திய பிறகு, பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம் அதை அணிந்திருக்க வேண்டும். குளிக்கும்போதும் ஒளூ செய்யும்போதும் நனையாமல் கழற்றி வைத்தால், ஈரம் துடைத்தவுடன் மறக்காமல் மாட்டிவிடுங்கள். பேச்சுப் பயிற்சியை ஒரு வாரமும் விடாதீர்கள். பயிற்சியாளர் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் பேசுவார். மற்ற நேரமெல்லாம் உம்மாவும் வாப்பாவும் நன்னியும்தான் பேச வேண்டும். சோறு ஊட்டும்போது, துணி மடிக்கும்போது, கடைக்குப் போகும்போது, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பிள்ளை பதில் தரும்வரை காத்திருங்கள். டிவியும் செல்போனும் பதிலுக்காகக் காத்திருக்காது.

வயது கடந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் மனம் தளர வேண்டாம். சைகை மொழி குறைபட்ட மொழி அல்ல; அதில் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். மருத்துவரிடமும் செவித்திறன் நிபுணரிடமும் பேசி, பிள்ளைக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்.

தர்மம் செய்யும் வசதியுள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்குக் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். அதன் பிறகு பேட்டரி, பழுதாகும் கேபிள், பயிற்சிக்குப் போய்வரும் பஸ் செலவு என்று ஆண்டுக்கணக்கில் தொடரும் சுமையைக் கவனிப்பவர்கள் குறைவு. அந்தச் செலவுக்கு வழியில்லாமல் கருவி பீரோவுக்குள் போய்விட்டால், செய்த ஆபரேஷனும் வீணாகிவிடும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தக் குடும்பத்திடம் இன்றே விசாரியுங்கள்.