தவளையைக் களவாடிய குரல்

சதிக்கோட்பாடுகளை நம்புகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் 'முட்டாள்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதில் நமக்கொரு சௌகரியம் இருக்கிறது. நாம் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பதாக ஆகிவிடுகிறதல்லவா? மூன்று மணி நேரம் ஓடும் பாட்காஸ்ட் ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு வேலை பார்த்தவர்களுக்கு விஷயம் வேறுமாதிரி தெரியும். கதைசொல்லி அங்கே வாதம் செய்வதைவிட உறவு கொண்டாடுவதுதான் அதிகம். வாதத்தை மறுத்துவிடலாம், உறவை எப்படி மறுப்பது?

அமெரிக்காவின் அலெக்ஸ் ஜோன்ஸை எடுத்துக்கொள்வோம். 1990களில் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் உள்ளூர் கேபிளிலும் வானொலியிலும் கத்திக்கொண்டிருந்தவர், பிறகு 'இன்ஃபோவார்ஸ்' என்ற பெயரில் இணையத்துக்கு வந்தார். தண்ணீரில் ரசாயனத்தைக் கலந்து தவளைகளை ஓரினச் சேர்க்கையாளர்களாக்குகிறார்கள் என்று 2015இல் அவர் போட்ட கூச்சல் உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

சிரிக்கும் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். அத்ரசீன் என்பது அமெரிக்க மக்காச்சோள வயல்களில் பெருமளவில் தெளிக்கப்படும் களைக்கொல்லி. அது கலந்த நீரில் வளர்ந்த ஆண் தவளைகளில் பத்தில் ஒரு பங்கு முட்டையிடும் பெண்களாகவே மாறிவிட்டதாக 2010இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக உயிரியலாளர் டைரோன் ஹேய்ஸும் சகாக்களும் எழுதினார்கள். இதை மறுத்த ஆய்வுகளும் உண்டு. ஆனால் மருந்தைத் தயாரிக்கும் சின்ஜென்டா கம்பெனி ஹேய்ஸின் பெயரைக் கெடுக்கத் திட்டம் போட்டது என்பது அதன் உள் ஆவணங்களிலிருந்தே வெளிவந்தது. குடிநீர் வழங்கும் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2012இல் அது 10.5 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி மறுத்த அதே மருந்து அமெரிக்காவில் தொடர்ந்து விற்பனையானது.

கதை இங்கேயே இருந்தது. கம்பெனி, லாபம், கண்ணை மூடிக்கொள்ளும் அரசு அமைப்பு. ஜோன்ஸின் கதையாடலுக்குள் நுழைந்ததும் கம்பெனி காணாமல் போகிறது, லாபமும் காணோம். அந்த இடத்தில் ஆண்மையை ஒழிக்கக் கங்கணம் கட்டிக்கொண்ட ஒரு ரகசியக் கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பால் மாறுவது வேறு, ஓரினக் காதல் வேறு. ஆனால் கேட்பவனின் அடிமனத்துப் பயம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஒரு அமைப்பின் இயக்கம் சில மனிதர்களின் கெட்ட எண்ணமாகச் சுருங்குகிறது. இதற்கப்புறம் எவராவது அத்ரசீனைப் பற்றி வாய் திறந்தால் 'ஓ, தவளைக் கேஸா?' என்று எதிராளி சிரித்துவிட்டுப் போகலாம். அந்தச் சிரிப்பைச் சின்ஜென்டா காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

இந்தக் குரலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் அகதியாக இருந்த அடோர்னோ, 1943இல் மார்ட்டின் லூதர் தாமஸ் என்ற வலதுசாரிக் கிறித்தவப் பிரசங்கியின் 1930களின் வானொலிப் பேச்சுகளை எடுத்துவைத்துக்கொண்டு அவற்றின் உத்திகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயரிட்டார். ஒன்று 'தனி ஓநாய்': எனக்குப் பின்னால் கட்சி இல்லை, பணமில்லை என்று சொல்லிக்கொள்வது. 'பத்திரிகைக்காரனுக்கெல்லாம் முதலாளி இருக்கான், எனக்கு யாரு இருக்கா? நீங்கதான்' என்கிற இன்றைய பாட்காஸ்ட் குரல் அதே ஓநாயுடையது. (அடுத்த நிமிடம் அதே குரல் சத்து மாத்திரை விற்கும். ஜோன்ஸின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான்.) இன்னொன்று 'உங்களுக்கு மட்டும் தெரிந்தால்': பாதியில் நிறுத்திவிடுவது. 'இதுக்கு மேல நான் சொல்ல வேணாம், உங்களுக்கே புரியும்.' மீதியைக் கேட்பவன் நிரப்புகிறான். தானே நிரப்பியதைத் தானே சந்தேகிப்பவன் யார்?

ஒலிபெருக்கிக்கு முன் நின்ற தாமஸுக்கு வாய்க்காத ஒன்றைப் பாட்காஸ்ட் தந்திருக்கிறது: அலட்டிக்கொள்ளாத நீளம். வெட்டி ஒட்டாத பேச்சு நேர்மையான பேச்சுபோல் தோன்றுகிறது. 2020 அக்டோபரில் ஜோ ரோகனின் நிகழ்ச்சியில் ஜோன்ஸ் வந்து உட்கார்ந்தார். அவர் சொல்வதை ரோகன் அவ்வப்போது நிறுத்தி, அங்கேயே திரையில் தேடிச் சரிபார்க்கச் சொன்னார். என் ஆங்கிலத்துக்கு அந்த உரையாடல் பாதிதான் பிடிபட்டது, சிரிப்பு முழுசாகப் பிடிபட்டது. பத்துச் செய்தியில் ஒன்று திரையில் சரியென்று தெரிந்துவிட்டால், மற்ற ஒன்பதும் அதன் முதுகில் ஏறிக் கரை சேர்ந்துவிடும். 'சும்மா கேக்குறேன்' என்பவர் நம் சார்பில் கேட்பவராகிவிடுகிறார்.

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது நாடகம், அழுபவர்கள் நடிகர்கள் என்று ஜோன்ஸ் வருடக்கணக்கில் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை அவருடைய ரசிகர்கள் மிரட்டினார்கள், 'உனக்குப் பிள்ளையே இல்லை' என்றார்கள். ரசிகனுக்குக் கதை தந்திருந்த வேஷம் துப்பறிவாளன் வேஷம். அந்த வேஷத்தைக் கட்டியவன் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். ஜோன்ஸ் ஒரு பாத்திரத்தை நடிக்கிறார் என்று 2017இல் வேறொரு வழக்கில் அவருடைய வக்கீலே சொன்ன பிறகும் கடை நடந்தது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில், அந்தக் கொலைகள் நூறு சதவீதம் உண்மை என்று அவரே ஒப்புக்கொண்டார். அக்டோபரில் கனெக்டிகட் நடுவர் குழு விதித்த இழப்பீடு ஏறத்தாழ 96.5 கோடி டாலர்.

நமக்கு இதிலுள்ள சிக்கல், சந்தேகப்படுவது நம்முடைய தொழிலும்கூட என்பதுதான். அரசு சொல்வதை அப்படியே நம்பாதே என்று எழுதியும் மேடையில் பேசியும் வருகிறவர்கள் நாம். மேடையில் பாதியில் நிறுத்திவிட்டுக் கைதட்டல் வாங்கியதும் உண்டு. அரசு சதி செய்ததே இல்லையா? செய்திருக்கிறது. 1971 மார்ச் 8 இரவு பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரிலிருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்தைப் போர் எதிர்ப்பாளர்கள் சிலர் உடைத்துக் கோப்புகளை எடுத்துப்போனார்கள். பிரதிகளைப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். கறுப்பின மாணவர் அமைப்புகளை வேவு பார்த்தது அவற்றில் இருந்தது. ஒரு துண்டுத்தாளில் 'கோயின்டெல்ப்ரோ' என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டு நிருபர்கள் போனார்கள், வழக்கு போட்டார்கள், 1975இல் செனட் விசாரணைக் குழு அமைந்தது. தேதி போட்ட, கையெழுத்திட்ட காகிதங்கள் அவை. யார் எடுத்துப் படித்தாலும் அதையேதான் சொல்லும், எந்தக் குரலும் தேவையில்லை. உடைத்தவர்கள் ஒரு மேடையிலும் ஏறவில்லை. அவர்களில் சிலருடைய பெயர் முதன்முதலாகத் தெரியவந்தது 2014 ஜனவரியில்.