டூர் பைக்குக்கு புது சைலன்சரா? முதலில் 4,000 ஆர்.பி.எம்-ஐப் பாருங்க!

சென்னை ஜி.பி. ரோட்டில் சனிக்கிழமை சாயங்காலம் பைக்கை நிறுத்த இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். சீட் கவர், ஹெல்மெட், எல்.இ.டி லைட் எல்லாவற்றையும் தாண்டி இளைஞர்கள் கூடி நிற்பது, சைலன்சர் தொங்கும் கடைகளில்தான். கடைக்காரர் முதலில் கேட்பது, ‘‘என்ன வண்டிண்ணா?’’ அடுத்த கேள்வி, ‘‘சவுண்டு வேணுமா, பவர் வேணுமா?’’

‘‘ரெண்டும்தான்’’ என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அரை மணி நேரத்தில் கம்பெனி சைலன்சர் தரையில் கிடக்கும். புதுசு மாட்டி, ஒரு முறுக்கு முறுக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பைக்கின் சொந்தக்காரர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஆசை பெரும்பாலும் ஒரு நீண்ட பயணத்துக்கு முன்னால்தான் வரும். லடாக் போக ஆபீஸில் லீவு சொல்லியாச்சு, பின்சீட்டில் மனைவியும் வரச் சம்மதித்தாச்சு, இனி வண்டியைக் கொஞ்சம் ‘ரெடி’ பண்ணணும் என்று தோன்றும். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ரேஸுக்குச் செய்யும் வேலை வேறு, டூருக்குச் செய்யும் வேலை வேறு.

ஒரு வண்டியை வைத்தே பார்க்கலாம். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, நம் சென்னைப் பக்கத்துத் தயாரிப்பு, டூர் போகிறவர்களுக்குப் பிடித்த வண்டி. 648 சிசி இன்ஜின் 7,150 ஆர்.பி.எம்-மில் சுமார் 47 குதிரைத் திறன் தரும். இழுவை, அதாவது டார்க், 5,250 ஆர்.பி.எம்-மில் 52 என்.எம். ஆனால், ஹைவேயில் ஆறாவது கியரில் 100 கி.மீ வேகத்தில் நிதானமாகப் போகும்போது இந்த இன்ஜின் 4,000-ஐ ஒட்டித்தான் சுற்றும். ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் 7,000-ஐத் தொடும் நேரம் சில நொடிகள்தான். பைக்கில் எதை மாற்றினாலும் அந்த 3,000-லிருந்து 5,000 வரையிலான இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் டூர் ஓட்டுபவருக்கு முக்கியம்.

சைலன்சர் சத்தத்தை அடக்கும் டப்பா மட்டும் இல்லை. இன்ஜினிலிருந்து புகை ஒரே சீராக வருவதில்லை. துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒவ்வொரு துடிப்பும் குழாய் வழியே ஓடி, குழாய் விரியும் இடத்தில் ஓர் எதிர் அலையைத் திருப்பி அனுப்பும். அந்த அலை சரியான நேரத்துக்கு வால்வுக்கு வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர வழிவிடும். தப்பான நேரத்தில் வந்தால் தடுக்கும். எந்த ஆர்.பி.எம்-மில் இது சரியாக அமைய வேண்டும் என்பதை குழாயின் நீளமும் அகலமும் தீர்மானிக்கின்றன. கம்பெனிக்காரர்கள் கீழ், நடு ஆர்.பி.எம்-மை மனதில் வைத்து இதை அமைத்திருப்பார்கள். உள்ளே தடுப்பே இல்லாத ஓட்டைக் குழாயை மாட்டும்போது, மேல் ஆர்.பி.எம்-மில் கொஞ்சம் கூடும். நடுவில் குறையவும் செய்யலாம். காதுக்கு மட்டும் வண்டி பறப்பது மாதிரி இருக்கும்!

அப்படியென்றால் மாற்றவே கூடாதா?

நல்ல காரணமும் உண்டு. அதில் முதலாவது எடை. கம்பெனி சைலன்சர்கள் கனமானவை. தரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது டைட்டானியம் சைலன்சர் மாட்டினால் சில கிலோ குறையும். துருப்பிடிப்பதும் குறைவு. அதற்காக மாற்றுவதென்றால் ‘ஸ்லிப்-ஆன்’ போதும். அதாவது, கடைசியில் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றுவது. இன்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப்பையும் சேர்த்து மாற்றுவது ‘ஃபுல் சிஸ்டம்’. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும், ஆக்ஸிஜன் சென்சாரும் இந்தக் குழாய்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டால் வண்டி புகை விதிமுறைக்கு வெளியே போய்விடும். உங்கள் வண்டியில் கன்வெர்ட்டர் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்காமல் ஸ்பேனரை எடுக்க விடாதீர்கள்.

கடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். சேடில் பேக்கையும் எடுத்துக்கொண்டு போய், துணிமணி நிரப்பி மாட்டிப் பாருங்கள். மேல்நோக்கித் தூக்கிய சைலன்சர் பார்க்க அழகுதான். ஆனால், 300 கி.மீ ஓடிய பிறகு பையின் அடிப்பக்கம் உருகி, உள்ளே இருக்கும் ரெயின்கோட்டில் ஓட்டை விழுந்திருக்கும். பின்சீட்டில் இருப்பவரின் கணுக்காலும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

சத்தத்துக்கு வருவோம். 175 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையில் இந்தியாவில் உள்ள உச்சவரம்பு 80 டெசிபல். 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். 10 டெசிபல் கூடினால், நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். கடைவாசலில் அஞ்சு நிமிஷம் கேட்கும்போது அது இசை. நாள் முழுக்கக் கேட்டால் தலைவலி. ஏற்கெனவே ஹெல்மெட்டுக்குள் காற்று இரைந்துகொண்டிருக்கும். அதோடு இதுவும் சேர்ந்தால், மதியத்துக்கு மேல் காரணம் தெரியாத ஒரு களைப்பு வரும். சைலன்சருக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். ‘டிபி கில்லர்’ என்ற உள்குழாயோடு வரும் சைலன்சர் வாங்கினால், அதைக் கழற்றாமல் ஓட்டுவது எல்லோருக்கும் நல்லது, விடியற்காலை அஞ்சு மணிக்கு நீங்கள் கிளம்பும் தெருவில் இருக்கும் கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

சட்டமும் விளையாட்டில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அனுமதியில்லாத மாற்றம் செய்த வண்டி உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவு தனி: மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை. வெளிநாட்டு சைலன்சரில் ஐரோப்பிய முத்திரை இருக்கிறதே என்பார்கள். அந்த முத்திரை மட்டும் இங்கே போதாது. வாரன்டியும் இன்ஷூரன்ஸும் வேறு இருக்கின்றன. வாங்கும் முன் இரண்டு இடத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

‘ஈசியு மேப்’ எதற்கு?

சைலன்சர் மாற்றிய அடுத்த வாரம், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிப்பதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பெண்ட் பைப் இணைப்பில் காற்றுக் கசிவு இருந்தாலும், பெட்ரோல் கலவை சரியில்லாவிட்டாலும் வரும் சத்தம் அது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். மெதுவாக, சீராக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்து, ஈசியு கலவையைத் திருத்திக்கொள்ளும். முழு ஆக்ஸிலரேட்டரில், ஏற்கெனவே எழுதி வைத்த கணக்குப்படிதான் பெட்ரோல் விடும். ஃபுல் சிஸ்டமும் அதிகக் காற்று விடும் ஃபில்டரும் சேர்ந்தால், அந்தக் கணக்கு பழையதாகிவிடும். காற்று கூடி, பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும். அதற்குத்தான் ஈசியு-வில் புது மேப் எழுதுவது, அல்லது பவர் கமாண்டர் மாதிரி ஒரு பெட்டியை நடுவில் இணைப்பது.

ஸ்லிப்-ஆன் மட்டும் என்றால் பெரும்பாலும் இது தேவைப்படாது. செய்வதென்றால் டைனோ வசதி உள்ள இடத்தில், உங்கள் வண்டியையே ஏற்றி, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த கிராஃபைக் கேளுங்கள். கடைக்காரர் விரலை உச்சிப் புள்ளியில் வைப்பார். நீங்கள் 4,000-ல் வையுங்கள். அங்கே கோடு கீழே இறங்கியிருந்தால், கொடுத்த காசு டூருக்கு உதவவில்லை. ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

லடாக் போகிறவர்களுக்கு இந்த விஷயம் மணாலி தாண்டியதும் புரியும். கேலாங் பக்கத்தில் தாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். ‘அடுத்த பங்க் 365 கி.மீ’ என்று எழுதிய அதன் பலகை முன்னால் நின்று போட்டோ எடுக்காத பைக்கர் குறைவு. இன்டர்செப்டர் டேங்க் 13.7 லிட்டர். லிட்டருக்கு 25 கி.மீ கொடுத்தால் 342 கி.மீ. பெட்ரோலைத் தாராளமாக விடும் மேப்பால் அது 22 ஆனால் 301 கி.மீ. கேனில் கொண்டுபோக வேண்டிய பெட்ரோல், ஒரு லிட்டரிலிருந்து மூன்றாகிவிடும். உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கென்று எழுதிய மேப் என்றால் இன்னும் சங்கடம்; அந்த மலையில் கிடைப்பதைத்தான் போட வேண்டும்.

கார்துங் லா 5,300 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்றும் பாதி, சக்தியும் ஏறக்குறைய பாதி. ஜி.பி. ரோட்டில் காசு கொடுத்து வாங்கிய ஓரிரண்டு குதிரைத் திறனை அந்த ஏற்றத்தில் யாரும் உணரப் போவதில்லை. ஃபில்டர் விஷயமோ நேர் எதிர். காற்றை அதிகம் விடும் ஃபில்டர், புழுதியையும் அதிகம் விட வாய்ப்புண்டு. ஸ்பிட்டி புழுதியில் கம்பெனி பேப்பர் ஃபில்டரே மேல்; கையில் ஒன்று கூடுதலாக எடுத்துப் போகலாம்.

பட்ஜெட் குறைவென்றால் டேப்பெட் கிளியரன்ஸ், ஸ்பார்க் பிளக், செயின், புது ஃபில்டர் ஆகியவற்றைச் சரிபார்த்தாலே, ‘வண்டி புதுசு மாதிரி இழுக்குதே’ என்று ஆச்சரியப்படுவீர்கள். மிச்சப் பணத்தில் பின்சீட்டுக்கு நல்ல குஷன், முடிந்தால் ஷாக் அப்சார்பர். இதற்கு வீட்டில் யாரும் எதிர்ப்பு சொல்ல மாட்டார்கள்.

இதெல்லாம் படித்த பிறகும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், கழற்றிய கம்பெனி சைலன்சரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். திரும்பப் புதிதாக வாங்கினால் விலை தலைசுற்ற வைக்கும். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் அதைத்தான். உள்ளே ஈரம் இல்லாமல் காயவைத்து, வெளியே லேசாக எண்ணெய் தடவி, பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது, ‘‘இது என்ன குழாய்?’’ என்று அம்மா கேட்பார். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.