ஒரு மலையைத் தேடி எத்தனை அடுக்கு?

சேர்வராயன் மலைமேல் உள்ள செம்மநத்தத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவி ஒருத்தி, தன் மலையின் மலையாளிப் பழங்குடியினரையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நூலகக் கணினியில் ‘மலையாளி’ என்று தட்டினால் வந்து குவிவது கேரளத்தைப் பற்றிய புத்தகங்கள்! கூடவே ‘சேலம்’, ‘பழங்குடி’ என்று சேர்த்துத் தேட வேண்டும். பழைய ஆங்கில நூல்களில் மலையின் பெயர் ‘ஷெவராய்ஸ்’.

அடுக்குகளும் அலைக்கழிக்கும். நூலகங்கள் நூல்களை எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் தமிழ்நாட்டு வரலாறு 954.82, இனக்குழுக்கள் 305.8, இம்மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு உயிரான காப்பிப் பயிர் 633.73. ஒரே மலைக்கு மூன்று மூலை. ஓர் அடுக்கோடு திரும்பிவிடுகிறவர்களே அதிகம்.

புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கத்தின் பின்புறம்: எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, யார் வெளியீடு. லெ ஃபனுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது. ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் 1918-இல். இரண்டுமே ஆங்கிலேய அதிகாரிகள் நிர்வாகத்துக்காக எழுதியவை. நிலவரிக்கும் பாதைகளுக்கும் அவை நல்ல சான்று. மலைமக்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற தீர்ப்புக்கு அல்ல. 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இதே கவனம் தேவை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான அவர், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து இனம் பிரித்த காலத்தவர். அந்த அளவுகோலை இன்றைய மானுடவியல் ஏற்பதில்லை.

இன்னொரு கண்ணியும் உண்டு. மலையாளிகளின் மூதாதையரான சகோதரர்கள் மூவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்ற கதை பல நூல்களில் வருகிறது. பல நூல்களில் இருப்பதாலேயே அது உறுதியாகிவிடாது. மாவட்டக் கையேடுகளிலிருந்து தர்ஸ்டன் தாராளமாக எடுத்தாண்டார். அவரிடமிருந்து பின்வந்தவர்கள் எடுத்தார்கள். அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், நான்கு சாட்சிகள் ஒரே சாட்சியாகச் சுருங்குவதும் உண்டு. இந்த வேலையைச் சலிக்காமல் செய்கிற மாணவியின் ஆய்வேட்டுக்குத் தனி மதிப்பு.

முழுப் புத்தகத்தையும் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டுமென்பதில்லை. பொருளடக்கம், கடைசியில் இருக்கும் சொல்லடைவு, துணைநூற்பட்டியல் மூன்றையும் பத்து நிமிடம் புரட்டினால் போதும். சொல்லடைவில் ஏற்காட்டுக்கு ஒரே ஒரு பக்க எண்தான் இருக்கிறதா? அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் குறித்துக்கொண்டு நகரலாம்.

உள்ளூர்க் கிளை நூலகத்தில் கிடைக்காதவற்றுக்குச் சென்னை கன்னிமாரா இருக்கிறது. 1896-இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்துக்கு, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் வந்து சேர வேண்டும். தர்ஸ்டனின் தொகுதிகளை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். நூலகரிடம் “மலைவாழ் மக்கள் பற்றி ஏதாவது இருக்கிறதா, ஐயா?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “சேலம் மாவட்ட மலையாளிகள், 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம ஆய்வு நூல்கள்” என்று கேட்டால், அவர் நேராக அந்த அடுக்குக்கே அழைத்துப் போவார்.