நாட்டின் கைப்பணம்

பொருள் என்னும் சொல்லுக்குச் செல்வம் எனவும் கருத்து எனவும் இரு பொருள் உண்டு. நாட்டின் செல்வ நிலையைக் காட்டும் ஓர் எண்ணின் கருத்து யாதென ஆராயப் புகும் இக்கட்டுரைக்கு அச்சொல்லே தக்க வாயிலாகும். தமிழ் பயில்வோர்க்குப் பொருளாதார நூலில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைக்கலாம். திருக்குறளின் முப்பாலுள் பெரியது பொருட்பாலே என்பதை அவர்க்கு நினைவூட்டி மேற்செல்வோம்.

பணமாவது யாது? சட்டைப்பையிலுள்ள நோட்டும் பணமே. பாங்கியின் நடப்புக் கணக்கில் உள்ளதும் பணமே. ஐந்தாண்டு கழித்துப் பெறுவதாக இட்டுவைத்த வைப்பும் பணமே. எனினும் இம்மூன்றும் ஒரு தன்மையன அல்ல. முன்னிரண்டும் வேண்டிய பொழுதே செலவிற்கு உதவுவன. மூன்றாவது உறங்கும் பணம். விழித்திருக்கும் பணத்தை மட்டும் திரட்டிய தொகையைப் பொருளாதார நூலார் குறுகிய பணம் என்பர். யாம் அதனைக் கைப்பணம் என்று வழங்குவோம்.

நம் நாட்டில் இதனைக் கணக்கிட்டு வெளியிடுவது, 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்ற ரிசர்வ் பாங்கியாகும். பொதுமக்கள் கையிலுள்ள நோட்டும் நாணயமும், பாங்கிகளிலுள்ள கேட்பு வைப்புகளும், ரிசர்வ் பாங்கியிலுள்ள சிறு பிற வைப்புகளும் ஆகிய மூன்றன் கூட்டே எம் 1 எனப்படும். பாங்கிகளின் பெட்டகத்திலுள்ள ரொக்கம் இதிற் சேராது. அது மக்கள் கையில் இல்லாமையின் என்க. எம் 1 உடன் குறித்த கால வைப்புகளையும் கூட்டினால் எம் 3 என்னும் அகன்ற பணம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ஒருவர் தம் கையிலுள்ள 100 ரூபாயை நடப்புக் கணக்கில் இடுகின்றார். ரொக்கம் குறைந்தது, கேட்பு வைப்பு அவ்வளவே கூடிற்று. ஆதலின் எம் 1 மாறாது. அதனையே அவர் மூன்றாண்டு வைப்பாக மாற்றினால், எம் 1 நூறு ரூபாய் குறையும். எம் 3 மட்டும் மாறாது நிற்கும். இவ்விரண்டையும் ஒப்புநோக்கின், மக்கள் செலவிடக் கருதுகின்றனரா, சேர்த்துவைக்கக் கருதுகின்றனரா என்பதை ஒருவாறு உணரலாம்.

நிற்க. இவ்வெண்ணை ஆள்வோர் மூன்றனை மறத்தலாகாது. அறுவடையையும் பண்டிகையையும் ஒட்டி ரொக்கத் தேவை பெருகுமாதலின், ஒரு மாதத்தை முந்தின மாதத்தோடு ஒப்பிடாது, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடல் வேண்டும். விலைவாசி உயர்ந்திருப்பின், பணம் பெருகியும் வாங்கும் ஆற்றல் பெருகாதிருக்கலாம். அன்றியும், ஒரு ரூபாய் ஓராண்டில் எத்தனை கை மாறுகின்றது என்னும் விரைவினை எம் 1 தானே உரைப்பதில்லை. இவ்விரைவின் இன்றியமையாமையை இர்விங் ஃபிஷர் என்னும் அமெரிக்க அறிஞர் 1911-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார்.

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பெற்றன. புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அவை. 2017 ஜனவரித் தொடக்கத்திற்குள் புழக்கத்திலிருந்த ரொக்கம் பாதியளவாகச் சுருங்கிற்று. ஆயின் செல்லா நோட்டுகள் வைப்புகளாக மாறினமையின் எம் 3 பெரிதும் குறையவில்லை. எம் 1 குறைந்தது. சேமிப்புக் கணக்கிற் புகுந்த தொகையில் ஒரு பகுதியே கேட்பு வைப்பாக எண்ணப்படும் என்பது அதற்கொரு காரணம். எம் 3 ஒன்றையே நோக்கினவர் நாட்டில் பணம் குன்றவில்லை என்றிருப்பர். பாங்கி வாயில்களில் நின்ற நெடுவரிசைகளைப் பள்ளிச் சிறுவராய்க் கண்ட யாம் அங்ஙனம் கூறமாட்டோம். எம் 1 கூட அத்துன்பத்தை முழுதும் காட்டிற்றில்லை. கேட்டவுடன் கிடைப்பது என்று எண்ணப்பட்ட வைப்பினையும் அந்நாளில் வரம்பிட்டே ரொக்கமாகக் கொடுத்தனர். அன்றாடக் கூலியாளுக்குக் கணக்கிலுள்ள பணம் வேறு, கையிலுள்ள பணம் வேறு.

இனி, அளவுகோலே மாறுவதும் உண்டு. அமெரிக்க நாட்டில் 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 4.8 லட்சம் கோடி டாலராக இருந்த எம் 1, மே மாதத்தில் 16 லட்சம் கோடிக்கு மேற்பட்டது. ஒரு திங்களில் அந்நாட்டார் மும்மடங்கு செல்வராயினரோ? அன்று. சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் ஆறு முறைக்குமேல் பணம் மாற்றலாகாது என்ற விதி நீக்கப்பட்டமையின், அவ்வைப்புகளும் கைப்பணத்துள் சேர்க்கப்பட்டன. படி பெரிதாயிற்றேயன்றி நெல் பெருகவில்லை.

ஆதலின், ஓர் எண்ணைக் கண்டவுடன் அது கூடிற்றா குறைந்ததா என்று மட்டும் வினவுதல் போதாது. எவற்றைக் கூட்டி அதனைப் பெற்றனர், எவற்றை விடுத்தனர் என்பதையும் வினவுதல் வேண்டும். சொல்லுக்குப் பொருள் காணுமிடத்து யாம் மேற்கொள்ளும் நெறியும் இதுவே அன்றோ?