பழைய றேடியேற்றர்: கழற்றுவதா, காப்பாற்றுவதா?

ஸ்டோவ்னரில் அடுக்குமாடியில் குடியிருக்கும் எம்மவர் வீடுகளுக்குத் தபாற்பெட்டியில் வருபவற்றுள் விளம்பரக் கடுதாசிகளே அதிகம். அவற்றோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும் ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இம்முறை கதைக்க விரும்புகிறோம். அது வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின், அதாவது பொறெட்ஸ்லாக்கின், வருடாந்தப் பொதுக்கூட்ட அழைப்பு.

எங்களிற் சிலர் குடியிருந்த ஒரு தொகுதிக்கு வந்த அப்படியொரு கடிதத்தில், ‘வெப்பமூட்டும் ஏற்பாட்டைப் புதுப்பித்தல்’ என்று ஒரேயொரு வரி இருந்தது. நாங்கள் எவரும் கூட்டத்துக்குப் போகவில்லை. மொழி விளங்காது, இரவு வேலை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு என்று ஆளுக்கொரு சாட்டு. சில மாதங்களின் பின் மாதக் கட்டணம் ஏறியபோதுதான் அந்த ஒரு வரியின் பாரம் எங்களுக்கு விளங்கியது.

ஊரில் வெப்பத்துக்குத் தப்பி வேப்பமர நிழலைத் தேடியவர்கள் நாம். இங்கே ஒக்ரோபரில் இருந்து ஏப்ரல் வரை வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. நிலக்கீழ் ரயில் 1974இல் ஸ்டோவ்னருக்கும் 1975இல் வெஸ்த்லிக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தை ஒட்டி எழுந்த கட்டடங்கள் இப்போது ஐம்பது வயதைத் தொட்டுவிட்டன. பொது வெப்பமூட்டல் உள்ள தொகுதிகளில், யன்னலுக்குக் கீழே நிற்கும் றேடியேற்றரும் சுவருக்குள் ஓடும் குழாயும் அதே வயதினவாக இருக்கக்கூடும். ஆகவே, பழையதை வைத்திருப்பதா, புதியதை மாற்றுவதா என்ற கேள்வி இன்றோ நாளையோ எமது கதவையும் தட்டும்.

இதை ‘ஸ்ரீம் ஹீற்றர்’ என்று சொல்பவர்கள் எம்மிடையே உண்டு. உண்மையில் எமது குழாய்களில் ஓடுவது நீராவியல்ல, சுடுநீர். நியூயோர்க் நகரில் 1882இல் இருந்து தெருவுக்கு அடியால் நீராவி விநியோகம் நடக்கிறது. பாரிஸிலும் 1927இல் ஆரம்பித்த நிறுவனமொன்று அமைத்த நீராவிக் குழாய்கள் உண்டு. நீராவி தன் அமுக்கத்தாலேயே மேலேறி, றேடியேற்றருக்குள் குளிர்ந்து நீராகி, அப்போது வெளிவிடும் வெப்பத்தை அறைக்குக் கொடுக்கிறது. ஆனால் அதைக் கொஞ்சம் கூட்டுவதும் குறைப்பதும் கடினம். குழாய் தட்டுகின்ற சத்தமும் வரும். சுடுநீரை ஒரு பம்பி சுற்றி அனுப்புகிறது. வெளியே குளிர் கூடும்போது நீரின் சூட்டைக் கூட்டவும், வெயில் எறிக்கும்போது குறைக்கவும் முடியும். ஆகவே பழைய நீராவி ஏற்பாட்டைப் பற்றி எங்காவது கேட்ட குறைகள் எல்லாம் எமது வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது.

இந்த ஏற்பாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். முதலாவது, நிலக்கீழ் அறையில் உள்ள வெப்ப மூலம். இரண்டாவது, சுவர்களுக்குள் ஓடும் குழாய்கள். மூன்றாவது, வீட்டுக்குள் நிற்கும் றேடியேற்றர்.

வெப்ப மூலம்தான் விரைவில் காலாவதியாகிறது. எரிபொருள் எண்ணெயால் கட்டடங்களை வெப்பமூட்டுவதை நோர்வே 2020 ஜனவரி 1ஆந் திகதி முதல் தடைசெய்துவிட்டது. எண்ணெய்க் கொதிகலன் வைத்திருந்த தொகுதிகள் அதைக் கழற்றி மின்கொதிகலனுக்கோ, வெப்பப் பம்பிக்கோ, நகரத்தின் தொலைவெப்பத்துக்கோ, அதாவது ஃபியார்ன்வார்மெவுக்கோ, மாறவேண்டி வந்தது. ஒஸ்லோவில் தொலைவெப்பத்தின் ஒரு பெரும்பகுதி குப்பையை எரிப்பதால் கிடைக்கிறது. குறூருத்டாலன் பள்ளத்தாக்கின் கீழ்ப்புறத்தில் உள்ள ஹரால்ட்ருட் எரிநிலையம் 1967இல் இருந்து இயங்குகிறது.

இங்கேதான் கவனிக்கவேண்டிய விடயம் இருக்கிறது. சுடுநீர்க் குழாய் உள்ள கட்டடத்தில் நிலக்கீழ் அறையில் உள்ளதை மாத்திரம் மாற்றினாற் போதும். குழாய்க்கு நீரைச் சூடாக்கியது எண்ணெயா, மின்சாரமா, குப்பையா என்ற வேறுபாடு தெரியாது. அந்தக் குழாய்களைக் கைவிட்டு ஒவ்வொரு அறையிலும் மின் ஹீற்றர் பூட்டிவிட்டால், பின்பு மனம் மாறினாலும் திரும்பிப்போவது பெருஞ்செலவு. ஆகவே, கொதிகலன் பழசு என்பது குழாயைக் கழற்றுவதற்குக் காரணமாகாது என்பதே எமது கருத்து.

அதற்காகப் பழையது எல்லாமே பொன் என்று நாம் சொல்லவில்லை. மூடிய குழாயில் ஒரே நீர் சுற்றிக்கொண்டிருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். எங்கோ ஒழுகி, அடிக்கடி புதுநீர் விடவேண்டி வந்தால், அதனோடு வரும் ஒட்சிசன் இரும்பை அரிக்கத் தொடங்கும். கறுத்த சேறு படிந்து வால்வுகளை அடைக்கும். ஒரு வருடத்தில் பல தடவை ஒழுக்கு ஏற்படும் கட்டடத்தில் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பது வீண்செலவு. ஆனால் மேல்மாடியில் குளிர், கீழ்மாடியில் வெக்கை என்ற முறைப்பாடு மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் குழாயின் குற்றமல்ல. நீர் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதே காரணம். வால்வுகளைச் சீர்செய்து, புதிய தேர்மோஸ்ரற் பூட்டினால் தீரக்கூடியது.

அடுத்தது, காசு யாருடைய பையிலிருந்து போகிறது என்பது. பொது வெப்பம் மாதக் கட்டணத்துக்குள் அடங்கியிருக்கிறது. மின் ஹீற்றருக்கு மாறினால் மாதக் கட்டணம் குறையலாம், ஆனால் அந்தச் செலவு எமது சொந்த மின்சாரக் கட்டணத்தில் வந்து ஏறும். கைக்குழந்தையும் வயோதிபரும் பகல் முழுதும் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம். 2022 ஜூலையில் வந்த முறைப்படி, ஒரே மணித்தியாலத்தில் அதிக மின்சாரம் எடுக்கும் வீட்டுக்கு மின்வலைக் கட்டணமும் கூடுகிறது. ஹீற்றர், குசினி அடுப்பு, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் மூன்றும் மாலையில் ஒன்றாக ஓடினால் என்ன நடக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. தொலைவெப்பமும் விலையேற்றத்துக்குத் தப்பியதல்ல. அதன் விலை மின்சார விலையை ஒட்டியே போவதால் 2021, 2022 குளிர்காலங்களில் அதுவும் ஏறியது.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் பொறெட்ஸ்லாக் சட்டப்படி, வீட்டினூடாகச் செல்லும் பொதுக் குழாய்களைப் பராமரிப்பது சங்கத்தின் கடமை. சாதாரண பராமரிப்பை நிர்வாக சபையே தீர்மானிக்கலாம். அதற்கு அப்பாற்பட்ட வேலை, வருடாந்த மாதக் கட்டணத் தொகையின் ஐந்து வீதத்துக்கு மேல் செலவு வைக்குமானால், பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். வருடாந்தக் கூட்டம் ஜூன் முடிவதற்குள் நடக்கவேண்டும். அழைப்பு எட்டு நாட்களுக்குக் குறையாமலும் இருபது நாட்களுக்கு மேற்படாமலும் முன்கூட்டி வரவேண்டும். பங்கு ஒன்றுக்கு ஒரு வாக்கு. கணவனோ மனைவியோ கூட வந்து கதைக்கலாம். போகமுடியாதவர் எழுத்தில் பதிலாளை நியமிக்கலாம். நோர்வேஜிய மொழி தெரிந்த வளர்ந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் மொழி ஒரு சாட்டாகாது.

கூட்டத்தில் நான்கு கேள்விகள் கேளுங்கள். குழாய்களின் உள்நிலையை யாராவது பரிசோதித்தார்களா? திருத்துவதற்கும் மாற்றுவதற்கும் தனித்தனி மதிப்பீடு உண்டா? கடன் எடுத்தால் எமது வீட்டின் பங்குக்குப் பொதுக்கடன் எவ்வளவு ஏறும்? வெப்பத்தை வீட்டுக்கு வீடு அளக்கும் மானி பூட்டப்படுமா? அளவுமானி இல்லாத இடத்தில் சிக்கனமாக இருப்பவரும் யன்னலைத் திறந்து வைப்பவரும் ஒரே காசுதான் கட்டுவர்.

வாடகைக்கு இருப்போருக்கு வாக்கில்லை. ஆனாலும் றேடியேற்றரில் ஒழுக்குக் கண்டால் உடனே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். நீங்களாகக் கழற்றவோ மூடியடைக்கவோ வேண்டாம். அதற்கு முன்னால் சோபாவைத் தள்ளி வைத்தாலும் தடித்த திரைச்சீலையால் மூடினாலும் சூடு அறைக்குள் வராது. மேற்பாதி குளிர்ந்து ‘களகள’ என்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று நிற்கிறது. பராமரிப்பாளரிடம் சொன்னால் வெளியேற்றிவிடுவார்.

இந்த நாட்டில் வீடு என்பது நான்கு சுவர் மட்டுமல்ல, அயலவரோடு சேர்ந்து சுமக்கும் கடனும் உரிமையும் கூட. எங்கள் தொகுதியில் அன்று வெற்றுக் கதிரைகளாக இருந்தவை எங்களுடையவை. அடுத்த அழைப்பு வரும்போது அதைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை வாசியுங்கள். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் கொண்டுபோங்கள்.